தெருவுக்குச் செலவாகும் பணம்: கணக்குக் கேட்பது எப்படி?



நம் கடைக்கு ஒரு லாரி சரக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டைகளை எண்ணுகிறோம். நாலைந்து மூட்டைகளைத் தராசில் ஏற்றுகிறோம். குத்தூசி போட்டுச் சரக்கின் தரம் பார்க்கிறோம். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் சீட்டில் கையெழுத்துப் போடுகிறோம். எடை குறைந்தால் அந்த அளவுக்குப் பட்டியலில் கழித்துக்கொள்கிறோம். கையெழுத்துப் போட்டுப் பணமும் கொடுத்துவிட்ட பிறகு குறை சொன்னால் கேட்பாரில்லை என்பது வியாபாரத்தில் ஆரம்பப் பாடம்.

நம் கடை வாசலில் போடப்படும் சாலை, நடைபாதை, வேகத்தடை, தெருவிளக்கு ஆகியவையும் நம் வரிப்பணத்தில் வாங்கப்படும் சரக்குதான். 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது, சிறிய வீடுகளுக்கு உயர்த்தியதை விட வணிகக் கட்டடங்களுக்கு அதிகமாக உயர்த்தியது. ஆகவே இந்தச் சரக்கின் எடையையும் தரத்தையும் கேட்கும் உரிமை நமக்கு நிறையவே உண்டு. எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது, எந்தக் காகிதத்தைக் கேட்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது பணம் பற்றிய விஷயம் மட்டும் அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம்முடையதுதான். அந்த ஓர் ஆண்டில் 17,884 பேர் இறந்தனர். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே ஓடுகிறது. கேரளத்துக்குப் போகும் லாரியும், கையில் பையோடு மளிகை வாங்க வரும் பெரியவரும் ஒரே சாலையில்தான் போக வேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய பணம் சரியாகச் செலவாகாவிட்டால், அதன் நஷ்டம் உயிராகப் போகிறது.

முதல் கேள்வி: யாருடைய சாலை?

கணக்குக் கேட்கப் புறப்படுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஒரே ஊரில் ஓடும் சாலைகளுக்குப் பல எஜமானர்கள் உண்டு.

முன்பு 208 என்ற எண்ணிலும் இப்போது 744 என்ற எண்ணிலும் அழைக்கப்படும் கொல்லம் – திருமங்கலம் சாலை, தேசிய நெடுஞ்சாலை. அதன் மீது நகராட்சிக்கு அதிகாரம் கிடையாது. சில முக்கியச் சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. மற்ற பஜார் வீதிகளும் குடியிருப்புத் தெருக்களும் நகராட்சியுடையவை. ரயில்வே மேம்பாலம் என்றால் தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதி ரயில்வேக்கும், அணுகுசாலை நெடுஞ்சாலைத் துறைக்கும் என்று பொறுப்பு பிரிந்துவிடுகிறது. ராஜபாளையம் சத்திரப்பட்டி சாலை மேம்பாலப் பணி நீண்டுகொண்டே போனபோது வியாபாரிகள் பட்ட சிரமத்தை நாம் அறிவோம்.

ஆகவே தேசிய நெடுஞ்சாலையில் மையத் தடுப்பு கேட்டு வார்டு கவுன்சிலரிடம் சண்டை போடுவதால் பயனில்லை. அதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. காவல்துறை, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துத் துறை அதிகாரிகள் அதில் ஒன்றாக உட்காருகிறார்கள். சங்கத்தின் மனு அங்கே போக வேண்டும்.

திருமங்கலம் முதல் வடுகபட்டி வரையிலும், வடுகபட்டி முதல் தெற்குவெங்காநல்லூர் வரையிலும் இரண்டு பகுதிகளாக நான்குவழிச் சாலைப் பணியைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் எடுத்துக்கொண்டது. இப்படிப் புதிய பாதை வரும் ஊர்களில், ஊருக்குள் இருக்கும் பழைய பாதையை இனி யார் பராமரிப்பது என்ற கேள்வி எழும். பொறுப்பு கைமாறும்போது விளக்கும் வடிகாலும் நடுவில் அனாதையாகிவிடக் கூடாது. பழைய பாதையை எந்தத் துறை, எந்த நாளிலிருந்து, என்ன நிலையில் ஏற்றுக்கொள்கிறது என்பதை நம் சங்கங்கள் எழுத்து மூலமாகக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி: பணம் எங்கிருந்து வருகிறது?

நகராட்சிக் கணக்கில் வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று தனித்தனி நிதிகள் உண்டு. நாம் கட்டும் சொத்து வரியும் இவற்றுக்குப் பிரிந்துதான் போகிறது. சாலைக்கு இவை போக மத்திய நிதிக்குழு மானியம், மாநில நிதிக்குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்ற அரசுத் திட்டங்கள் ஆகியவற்றிலிருந்தும் பணம் வருகிறது. 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கிறது. பஜார் வீதிக்கு நடைபாதை வேண்டும் என்று சங்கம் முன்வந்தால் இந்த வழியையும் யோசிக்கலாம்.

எந்த நிதி என்பதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒரே தெருவுக்கு இரண்டு நிதியிலிருந்து பட்டியல் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேறு வழியில்லை. ராஜபாளையத்தில் பாதாள சாக்கடைக்காகவும் தாமிரபரணி கூட்டுக்குடிநீருக்காகவும் தெருக்கள் தோண்டப்பட்டன. குழாய் பதித்த பின் தெருவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு பெரும்பாலும் அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே சேர்ந்திருக்கும். அதே தெருவுக்குச் 'சாலை சீரமைப்பு' என்று தனி மதிப்பீடு மன்றத்துக்கு வந்தால், முன்பு ஒதுக்கிய தொகை என்னவாயிற்று என்று கவுன்சிலர் கேட்க வேண்டும். கவுன்சிலருக்கு அதை நாம் நினைவூட்ட வேண்டும்.

மன்றத்தில் என்ன நடக்கிறது?

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளுக்கு உரிய 18 பணிகளின் பட்டியலில் சாலைகளும் பாலங்களும், தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம் ஆகியவையும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் இடத்தில், 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

பணி எந்த வழியாக நகர்கிறது என்று பார்ப்போம். பொறியாளர் பிரிவு மதிப்பீடு தயாரிக்கிறது. அது மன்றப் பொருளாக அஜெண்டாவில் வருகிறது. மன்றம் தீர்மானம் போடுகிறது. டெண்டர் விடப்படுகிறது. குறைந்த தொகை கோரியவருக்குப் பணி ஆணை கொடுக்கப்படுகிறது. வேலை நடக்கிறது. பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். அதை வைத்துப் பட்டியல் தயாராகிப் பணம் பட்டுவாடா ஆகிறது. ஒப்பந்ததாரரின் வைப்புத் தொகை மட்டும் குறிப்பிட்ட காலம் பிடித்து வைக்கப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய சில இடங்கள் உண்டு. அவசரம் கருதித் தலைவரின் முன் அனுமதியில் வேலையை முடித்துவிட்டு, பிறகு மன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கும் வழக்கம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் நெருங்கும் நேரத்தில் ரத வீதியில் பள்ளம் விழுந்தால் உடனே மூடத்தான் வேண்டும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தேரோட்டத் தேதி பஞ்சாங்கத்தில் முன்பே தெரிந்ததுதானே? ஆண்டுதோறும் வரும் செலவு ஆண்டுதோறும் அவசரச் செலவாகவே வந்தால் கேள்வி கேட்பது நியாயம்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. அதன் கீழ் 2000ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசமும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரே தெருவின் வேலையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்களா, ஒருவர் மட்டுமே டெண்டர் போட்டிருக்கிறாரா என்பவையும் பார்க்க வேண்டியவை.

பல ஊர் மன்றங்களில் நூறு பொருள்களை வாசித்து முடிக்குமுன் 'ஆல் பாஸ்' என்று கூட்டம் முடிந்துவிடுவதைச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். அஜெண்டா கவுன்சிலர்கள் கைக்குக் கூட்டத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. சங்க நிர்வாகிகள் இருவர் அப்போதே கவுன்சிலரைச் சந்தித்து, நம் பஜார் சம்பந்தப்பட்ட பொருள் எது, தொகை எவ்வளவு என்று கேட்டுக்கொள்வதுதான் சரியான நேரம். தீர்மானம் ஆன பிறகு ஓடுவது, கையெழுத்துப் போட்ட பிறகு மூட்டையை எண்ணுவதற்குச் சமம்.

எடை பார்ப்பது எப்படி?

நமக்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. ஒரு டேப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

1. நீளம், அகலம். ஒரு தெருவுக்கு 200 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் என்று பேவர் பிளாக் பதித்ததாக அளவுப் புத்தகம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 800 சதுர மீட்டர். நாம் அளந்து பார்க்கையில் அகலம் 3.6 மீட்டர்தான் இருந்தால், பரப்பு 720 சதுர மீட்டர். நூறு கிலோவுக்குப் பட்டியல் போட்டு 90 கிலோ இறக்கிய கதை இது.

2. கனம். பேவர் பிளாக்கில் 60 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் என்று கனம் உண்டு. 60 என்பது இலகு வாகனம் போகும் தெருவுக்கு. சரக்கு லாரி வந்து நிற்கும் மார்க்கெட் வீதிக்கு 80 அல்லது அதற்கு மேல் தேவை. மதிப்பீட்டிலேயே 60 என்று போட்டிருந்தால், வேலை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் கல் உடையத்தான் செய்யும். இதை மதிப்பீட்டுக் கட்டத்தில்தான் தடுக்க முடியும்.

3. பழைய சாலையைச் சுரண்டுதல். பழைய தார் மீது புதிய தார் போட்டுக்கொண்டே போனால் சாலை உயர்ந்து கடை பள்ளமாகிவிடும். மழை நீர் நேராக மூட்டை அடுக்கிய தளத்துக்கு வரும். பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, முன்பிருந்த மட்டத்திலேயே புதிய தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டும் வேலைக்கு மதிப்பீட்டில் தனி இனம் உண்டா, அந்த வேலை உண்மையில் நடந்ததா என்பதை வாசலில் உட்கார்ந்திருக்கும் நாமே பார்க்கலாம்.

4. வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி சாதாரண வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. வண்டி ஏறி மெதுவாக இறங்க வேண்டும். பல தெருக்களில் காண்பது இரண்டடி அகலத்தில் சுவர் போன்ற மேடு. வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாவிட்டால், இரவில் வரும் இருசக்கர வாகனத்துக்கு அதுவே எமன்.

5. கோடு போடுதல். பாதசாரிகள் கடக்கும் இடத்தில் 'தெர்மோபிளாஸ்டிக்' பூச்சு என்று பட்டியல் போட்டால், அது 2.5 மில்லிமீட்டர் கனத்தில், கண்ணாடி மணிகள் தூவி, இரவில் வண்டி விளக்குப் பட்டு மின்ன வேண்டும். சாதாரண பெயிண்ட் சில மாதத்தில் தேய்ந்துவிடும். விலையிலும் வித்தியாசம் அதிகம்.

6. நடைபாதை. தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு. நடுவில் மின்கம்பம் நின்றால் அந்த அகலம் கணக்கில் மட்டுமே இருக்கும்.

காகிதம் பெறும் வழி

2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. அதற்கும் பலனில்லையென்றால் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகலாம். பலரும் அறியாதது ஒன்று: இச்சட்டத்தின் 2(ஞ) பிரிவு காகித நகல் மட்டுமன்றி, நடக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது.

விண்ணப்பத்தில் 'ஊழல் நடந்திருக்கிறதா?' என்று கேட்டால் பதில் வராது. தெருப் பெயரும் ஆண்டும் குறிப்பிட்டு, மன்றத் தீர்மான எண்ணும் நாளும், மதிப்பீட்டு நகல், பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை, இறுதிப் பட்டியல், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் நாள் ஆகிய ஏழையும் கேட்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் நமக்கு மிகவும் பயன்படுவது. அந்தக் காலம் முடியுமுன் சாலை பெயர்ந்தால், ஒப்பந்ததாரர் தம் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும். வைப்புத் தொகை நகராட்சியின் கையில் இருக்கும்போதே புகார் போக வேண்டும்.

இவை தவிர, உள்ளாட்சி நிதி தணிக்கைத் துறை நகராட்சிக் கணக்கைத் தணிக்கை செய்து தடைகளை எழுதுகிறது. அந்த அறிக்கையின் நகலையும் கேட்டுப் பெறலாம். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறங்களில் முதல்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. நம் பகுதியில் கூட்டம் கூடும் நாளில் கடைக்கு ஓர் ஆளாவது போய் உட்கார வேண்டும்.

கேட்டவர்களும் கேட்காதவர்களும்

1970களின் தொடக்கத்தில் சென்னை மாநகராட்சியில் மஸ்டர் ரோல் ஊழல் வெளிவந்தது. மஸ்டர் ரோல் என்பது கூலியாட்களின் வருகைப் பதிவேடு. வேலைக்கு வராத ஆட்களின் பெயரில் கூலி எழுதப்பட்டது என்பதே விவகாரம். 1973இல் மாநகராட்சி மன்றமே கலைக்கப்பட்டது. அடுத்து மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் வந்தது 1996இல்தான். இருபத்து மூன்று ஆண்டுகள் சென்னை மக்களுக்குக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

நம் ஊர்களிலும் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்த பின், 2022 பிப்ரவரி 19இல்தான் நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தனர். மன்றம் இருக்கும் காலத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்வது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கேட்டவர்களின் கதையும் உண்டு. ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, ஊர்ப் பணிகளின் பட்டியல்களையும் மஸ்டர் ரோலையும் மக்கள் முன்னால் உரக்க வாசித்தது. நடக்காத வேலைக்கு எழுதிய கணக்கு அந்த ஊர் மக்களின் வாயாலேயே வெளிப்பட்டது. அந்த இயக்கத்தின் தொடர்ச்சிதான் 2005ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்பே, 1997இல், நாட்டில் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு என்பதும் நமக்குப் பெருமை. இங்கிலாந்தில் ஆண்டுக்கு 30 வேலை நாட்கள் உள்ளாட்சிக் கணக்கையும் பட்டியல்களையும் மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

நமக்கும் இது புதிதல்ல. நம் மாவட்டத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டியவர்கள், அந்த மகமைக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் வாங்கினார்கள். வாசித்தவரைச் சந்தேகப்பட்டு அல்ல. வாசித்தால்தான் அடுத்த ஆண்டும் மகமை மனமுவந்து வரும் என்பதால்.

சட்டத்தின் பக்கபலம்

கோவை எலும்பு முறிவு மருத்துவர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில்தான் 2014இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. 2013 முதல் 2017 வரை நாடு முழுவதும் சாலைப் பள்ளங்களால் மட்டும் 14,926 பேர் இறந்ததாக அக்குழு தெரிவித்ததை 2018 டிசம்பரில் நீதிமன்றம் கண்டித்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சாலை வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 'இந்த இடம் ஆபத்தானது' என்று சங்கம் கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு, பிற்காலத்தில் ஒரு குடும்பத்துக்குச் சாட்சியாக நிற்கும். ஆகவே வாய்மொழியாகச் சொல்வதோடு நின்றுவிடாமல் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும்.

நம் பங்கு

நடைபாதைக்கு எவ்வளவு செலவானது என்று கேட்கும் கடைக்காரர், தம் எண்ணெய் டின்னையும் உப்பு மூட்டையையும் அந்த நடைபாதையில் அடுக்கி வைத்திருக்கக் கூடாது. சரக்கு இறக்கும் நேரத்தைப் பள்ளிக்கூடம் தொடங்கும், விடும் நேரத்துக்கு விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடை விளம்பரத்தோடு பேரிகார்டும் கண்காணிப்புக் கேமராவும் வாங்கிக் கொடுக்கும்போது, எத்தனை கொடுத்தோம், எங்கே வைத்தார்கள் என்று சங்கப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். நம் கை சுத்தமாக இருந்தால்தான் கேள்விக்குப் பலம்.

கணக்குக் கேட்பதை விரோதமாக எண்ண வேண்டாம். நேர்மையாக வேலை செய்யும் பொறியாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் நம் கேள்வி பாதுகாப்புதான். ஒவ்வொரு சங்கமும் இரண்டு பேரை இதற்கென்று நியமித்து, ஒரு நோட்டுப் போட்டு, பஜார் வீதிகளின் பெயரையும், கடைசியாக எப்போது வேலை நடந்தது, பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது என்பதையும் எழுதி வைக்கட்டும். மாதம் ஒருமுறை நிர்வாகக் குழுவில் அதை வாசிக்கட்டும். ஓர் ஆண்டு இதைத் தவறாமல் செய்தால், நம் வாசலில் அடுத்த சாலை போட வருபவர் டேப்போடு நிற்கும் நம்மை எதிர்பார்த்துத்தான் வருவார்.